லைசென்ஸ் காலாவதியான 41 நாளில் மூன்று வரைபடத்துக்கு சீல் வைத்துவிட்டேன். இப்போ என்ன செய்யணும்?

வரைபலகை | பிப்ரவரி 10, காலை 11:20

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரா வேலை பார்க்கிறேன். பி.ஈ. லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு. காலேஜ் டிகிரியைச் சொல்லல, தேர்வு எழுதி மாநில வாரியத்தில் வாங்குற ப்ரொஃபஷனல் எஞ்சினியர் லைசென்ஸ்.

எங்க மாநிலத்தில் டிசம்பர் 31-ஓட அது முடியும், அதுக்குள்ள புதுப்பிக்கணும். போன வருஷம் நடுவுல வேலை மாறினேன். வாரியத்தோட நினைவூட்டல் மெயில் எல்லாம் பழைய ஆபீஸ் முகவரிக்கே போயிருக்கு. முகவரி மாறினா தெரிவிக்கணும்னு விதி இருக்கு. நான் தெரிவிக்கல. இன்னிக்குக் காலையில பெர்மிட் ஆபீஸ்ல இருந்து ஒரு மெயில்: "உங்கள் லைசென்ஸ் எண் வாரியத் தளத்தில் காலாவதி என்று காட்டுகிறது, சரிபார்க்கவும்." தளத்துல போய்ப் பார்த்தா என் பேர், பக்கத்துல சிவப்பு எழுத்து. பத்து நிமிஷம் நாற்காலியில இருந்து எழவே முடியல.

ரெனியூவலுக்குக் கேக்குற தொடர்கல்வி வகுப்பு 15 மணி நேரம் முடிச்சிருக்கேன். ஆனா ரெண்டு சான்றிதழ் பழைய ஆபீஸ் லேப்டாப்ல மாட்டிக்கிச்சு. இதுல பெரிய பிரச்சினை, ஜனவரியில மூணு வரைபடத்துக்கு சீல் (இந்த டிசைனுக்கு நான் பொறுப்புன்னு சொல்ற லைசென்ஸ் முத்திரை) வெச்சிருக்கேன். ஒரு தாங்குசுவர், ஒரு வீட்டுல சுமை தாங்குற சுவரை எடுத்துட்டு பீம் போடுற வேலை, ஒரு கடைக்கு இரும்பு மாடிப்படி.

பேசாம அபராதத்தோட பணத்தைக் கட்டி ரெனியூ பண்ணிடு, யாரும் பழசைத் தோண்ட மாட்டாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. அனுபவப்பட்டவங்க வழி சொல்லுங்க.

மூலைமட்டம் | பிப்ரவரி 10, காலை 11:48

முதல்ல சீலை எடுத்து டிராயர்ல வெச்சுப் பூட்டுங்க. கம்ப்யூட்டர்ல டிஜிட்டல் சீல் இருந்தா அதையும் யாரும் தொடாதபடி செய்யுங்க. மத்ததைப் பெரியவங்க வந்து சொல்லுவாங்க. தண்ணி குடிங்க.

தூக்குக்குண்டு | பிப்ரவரி 10, மதியம் 1:05

தங்கச்சி, பயப்படாதீங்க. இந்தத் தொழில்ல முப்பது வருஷத்துக்கு மேல இருக்கேன். இப்படி மாட்டிக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன். தானா முன்வந்து சொன்னவங்க எழுந்து நின்னுட்டாங்க. மறைச்சவங்கதான் விழுந்தாங்க.

இந்த நிமிஷத்துல இருந்து சீல் வைக்கிறது மட்டும் இல்ல, மெயில்ல பேருக்குப் பின்னாடி பி.ஈ. போடுறதையும் நிறுத்துங்க. விசிட்டிங் கார்டு கொடுக்காதீங்க. பல மாநிலங்கள்ல செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாம அந்தப் பட்டத்தைப் போடுறதே தனிக் குற்றம். நீங்க கணக்குப் போடலாம், வரையலாம். லைசென்ஸ் இருக்கிற இன்னொருத்தர் மேற்பார்வையில செய்யுங்க. புதுசா காலேஜ் முடிச்சு வந்த பையன் எந்த இடத்துல நிக்கிறானோ, அந்த இடத்துலதான் இன்னிக்கு நீங்களும் நிக்கிறீங்க.

உங்க முதலாளிக்கு இன்னிக்கே எழுத்துல சொல்லிடுங்க. கம்பெனிக்குன்னு தனியா ஒரு அனுமதி இருந்து, அதுல பொறுப்பு எஞ்சினியர்னு உங்க பேரைக் கொடுத்திருந்தா கம்பெனியே சிக்கல்ல இருக்கு. தொழில் பொறுப்புக் காப்பீட்டுக்காரங்களுக்கும் அவர்தான் தெரியப்படுத்தணும். பிரச்சினை வரலாம்னு தெரிஞ்ச பிறகும் சொல்லாம விட்டா, நாளைக்கு க்ளெய்ம் வரும்போது கையை விரிச்சிடுவாங்க.

இப்ப முக்கியமான விஷயம். லைசென்ஸை மீட்டெடுக்கிற படிவத்துல "காலாவதியான காலத்தில் தொழில் செய்தீர்களா?"ன்னு அனேகமா ஒரு கேள்வி இருக்கும். "ஆம்"னு போட்டு, தேதியோட மூணு வேலையையும் எழுதுங்க. தேதி தவறினது ஒரு அலட்சியம், அதுக்கு ஒரு தண்டனை உண்டு, அதோட போயிடும். வாரியத்துக்குப் பொய் எழுதிக் கொடுக்கிறது வேற ரகம். லைசென்ஸையே பறிக்கிறதுக்கு அது ஒண்ணே போதும்.

பெர்மிட் ஆபீசுக்கும் இன்னிக்கே பதில் போடுங்க. அவங்களா கண்டுபிடிச்சு வாரியத்துக்கு எழுதுறதுக்கு முன்னாடி உங்க கடிதம் அங்க இருக்கணும்.

ஒரு கேள்வி. அந்த மூணு வரைபடமும் முழுக்க நீங்க போட்டதா, இல்ல உங்க மேற்பார்வையில மத்தவங்க போட்டதா?

செங்கோணம் | பிப்ரவரி 10, மதியம் 2:30

அண்ணா சொன்ன நடைமுறையை ஒத்துக்கிறேன், அக்கா அதையே செய்யட்டும். ஆனா அடிப்படையிலயே எனக்கு ஒரு கேள்வி இருக்கு. டிசம்பர் 31 ராத்திரி 12 மணிக்கு அக்காவோட திறமை செத்துப் போச்சா? ஒன்பது வருஷம் பாதுகாப்பா டிசைன் பண்ணினவங்க ஒரு மெயில் வராததால குற்றவாளியா?

தொடர்கல்வியையே எடுத்துக்கங்க. நியூயார்க்ல எஞ்சினியருக்கு மூணு வருஷத்துக்கு 36 மணி நேரம் கேக்குறாங்க. கலிஃபோர்னியாவுல ரெனியூவலுக்கு ஒரு மணி நேரம்கூடக் கேக்குறதில்ல. அப்போ கலிஃபோர்னியாவுல பாலமெல்லாம் விழுந்துக்கிட்டா இருக்கு? மதியச் சாப்பாட்டு நேரத்துல வீடியோவை ஓட விட்டு, பத்து கேள்விக்கு டிக் அடிச்சு வாங்குற சான்றிதழ் யாரைக் காப்பாத்தும்?

ஓரிகான்ல நடந்ததையும் பாருங்க. எஞ்சினியரிங் படிச்ச ஒருத்தர், சிக்னல்ல மஞ்சள் விளக்கு எரியுற நேரத்தைக் கணக்கிடுற சூத்திரத்துல தப்பு இருக்குன்னு எழுதிக் கேட்டார். கடிதத்துல தன்னை எஞ்சினியர்னு சொன்னதுக்காக மாநில வாரியம் 500 டாலர் அபராதம் போட்டுச்சு. 2018-ல ஃபெடரல் நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு விரோதம்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. லைசென்ஸ்ங்கிற பேர்ல இந்த அளவுக்கும் போறாங்க. இதையும் பேசணும்.

எல்லைக்கல் | பிப்ரவரி 10, மாலை 6:12

தம்பி செங்கோணம், நல்ல கேள்வி. ஓரிகான் விசயத்திலை நானும் உங்கட பக்கம்தான். ஒரு குடிமகன் அரசாங்கத்திட்டைக் கேள்வி கேக்கிறதை லைசென்ஸ் சட்டத்தாலை அடைக்கக் கூடாது. ஆனா வரைபடத்திலை கையெழுத்து வைக்கிறது பேச்சு இல்லை. அதை நம்பி இன்னொராள் மதில் கட்டப் போறார்.

நான் கனடாவிலை நில அளவையாளர். தொழில் பழகினது இலங்கையிலை. அங்கை 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி, தனியாத் தொழில் செய்யிற நில அளவையாளர் வருசா வருசம் உரிமம் எடுக்க வேணும். அந்த நேரம் எனக்கும் அது வெறும் காசு கட்டிற வேலை மாதிரித்தான் இருந்தது. இந்தச் சட்டமெல்லாம் எங்கையிருந்து வந்தது எண்டு தெரிஞ்ச பிறகுதான் எண்ணம் மாறினது.

அமெரிக்காவிலை எஞ்சினியருக்கும் நில அளவையாளருக்கும் முதன்முதல் லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்தது வயோமிங் மாநிலம், 1907-இலை. பாலம் விழுந்து ஆக்கள் செத்ததாலை வந்த சட்டம் இல்லை அது. தண்ணி உரிமை கேட்டு வந்த விண்ணப்பங்களோடை வரைபடமும் வந்தது. அந்த வரைபடங்களிலை எஞ்சினியர், நில அளவையாளர் எண்டு கையெழுத்து வைச்சிருந்தது வக்கீல்மார், நோட்டரிமார். கால்வாய் எங்கையிருந்து எங்கை போகுது எண்டு அளந்து பாக்காமலே கோடு கீறியிருக்கினம். வறண்ட மண்ணிலை ஒரு கோடு பிழைச்சால் ஒருத்தன்ரை வயல் காஞ்சு போகும். அதைத் தடுக்கத்தான் "கையெழுத்து வைக்கிறவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரிய வேணும்" எண்டு கேட்டினம்.

திறமை ராத்திரி 12 மணிக்குச் சாகாது, உண்மை. ஆனா பதிவேடு அப்பிடி இல்லை. வீடு வாங்கிற ஒரு அம்மாவுக்கு என்ரை திறமையை அளக்க வழியில்லை. என்ரை பேர் பட்டியலிலை இருக்கோ இல்லையோ எண்டு மட்டும்தான் அவ பாக்கலாம். அந்தப் பட்டியல் சரியா இருக்க வேணும் எண்டால் அதிலை இருக்கிற ஒவ்வொருத்தரும் தன்ரை தேதியைத் தானே பாத்துக்கொள்ள வேணும்.

செங்கோணம் | பிப்ரவரி 10, மாலை 6:40

வயோமிங் கதை எனக்குத் தெரியாது அண்ணே. பதிவேடு பற்றிச் சொன்னது சரிதான். ஆனா இப்ப ட்ரோனும் சாஃப்ட்வேரும் வந்தாச்சு. ட்ரோன் ஓட்டுறவர் ஒரு மேப் எடுத்துக் கொடுத்தாலே சர்வேயர் லைசென்ஸ் வேணும்னு வட கரோலினாவுல சொல்லி, 2024-ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. கருவியே சென்டிமீட்டர் சுத்தமா அளக்கும்போது நடுவுல மனுஷன் கையெழுத்து எதுக்கு?

எல்லைக்கல் | பிப்ரவரி 10, இரவு 8:55

கருவி சரியா அளக்கும் எண்டதிலை எனக்கு நம்பிக்கை இருக்கு. கருவிக்கு நாங்கள் என்ன சொல்லிக் குடுத்தோம் எண்டதிலைதான் பயம். நான் கண்ணாலை பாத்ததைச் சொல்லுறன்.

சில வருசத்துக்கு முதல், கிட்டத்தட்டச் செவ்வகமா இருக்கிற ஒரு காணி. பெடியள் டோட்டல் ஸ்டேசனோடை, அதாவது கோணமும் தூரமும் அளக்கிற கருவியோடை போய், நாலு மூலையையும் சுத்தித் தொடங்கின இடத்துக்கே திரும்பி வாற மாதிரி டிராவர்ஸ் ஓடிக்கொண்டு வந்தவை. கருவியின்ரை ஒளியைத் திருப்பி அனுப்பிற கண்ணாடி, எங்கட ப்ரிசம், உடைஞ்சு போனதாலை வேற ஒரு ப்ரிசத்தை இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கினம். ஒவ்வொரு ப்ரிசத்துக்கும் ஒரு கான்ஸ்டன்ட், அதாவது தூரத்தைத் திருத்திற எண் இருக்கு, கருவியிலை அதை மாத்த வேணும். மாத்தேல்லை. ஒவ்வொரு தூரமும் 30 மில்லிமீட்டர் கூடக் காட்டினது.

ஆபீசிலை கணக்குப் பாத்தால் டிராவர்ஸ் அழகா மூடுது, தொடங்கின புள்ளியிலையே வந்து முடியுது! ஒண்டிரண்டு மில்லிமீட்டர்தான் பிழை. ஏனெண்டு யோசிச்சுப் பாருங்கோ. செவ்வகத்திலை எதிரெதிர்ப் பக்கங்கள் ரெண்டும் ஒரே அளவு நீண்டால் பிழை ஒண்டையொண்டு கழிச்சுப் போடும். போகேக்கை 30 கூட, வரேக்கையும் 30 கூட, முடிவிலை தொடங்கின இடத்திலை வந்து நிக்கும். மூடல் பிழையை மட்டும் பாத்துக் கையெழுத்து வைக்கிறவருக்கு இது தெரியவே வராது.

எனக்கு எப்பிடித் தெரிஞ்சது? ஃபீல்டு புக்கைப் புரட்டினன். வழமையா எழுதிற ப்ரிசம் எண் அண்டைக்கு வேறயா இருந்தது. அடுத்த நாள் காலமை நானே உருக்கு டேப்பைக் கொண்டுபோய்ப் எல்லை அடையாளமா நட்டிருந்த பழைய ரெண்டு இரும்புக் கம்பிக்கு நடுவிலை இழுத்துப் பாத்தன். அப்பதான் பிழை பிடிபட்டது. பக்கத்துக் காணிக்காரர் மதில் கட்டக் கயிறு பிடிச்சு வைச்சிருந்தார்.

தம்பி, அந்தக் கையெழுத்தின்ரை வேலை அதுதான். ஃபீல்டு புக்கைப் புரட்டிப் பாக்க ஒருத்தன் கடமைப்பட்டவன் எண்டு சட்டம் ஒருத்தன்ரை பேரைச் சொல்லி எழுதி வைக்குது.

செங்கோணம் | பிப்ரவரி 10, இரவு 9:20

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல அண்ணே. மூடல் பிழை சின்னதா இருந்தா சர்வே சரின்னுதான் இதுவரைக்கும் நினைச்சிட்டிருந்தேன்.

மூலைமட்டம் | பிப்ரவரி 11, காலை 7:30

இந்தியாவுல நிலைமை வேற மாதிரி, கொஞ்சம் சொல்றேன். நான் ஆர்க்கிடெக்ட். எங்களுக்கு 1972 ஆர்க்கிடெக்ட் சட்டம், கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் பதிவு. புதுப்பிப்புக் கட்டணத்தைத் தேதிக்குள்ள கட்டலைன்னா பதிவேட்டுல இருந்து பேரை எடுத்துடணும்னு 27-வது பிரிவு சொல்லுது. நிபந்தனைப்படி பணம் கட்டினா திரும்பச் சேர்ப்பாங்க.

ஆனா 37-வது பிரிவு காப்பாத்துறது "ஆர்க்கிடெக்ட்"ங்கிற பட்டத்தை மட்டும்தான். பதிவு இல்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கக் கூடாது, ஆனா டிசைன் பண்றதை அந்தப் பிரிவு தடுக்கலைன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. பிரிட்டன்லயும் 1997 சட்டம் பட்டத்தைத்தான் பாதுகாக்குது. அமெரிக்க மாநிலங்கள்ல பட்டத்தோட தொழிலையும் சேர்த்தே கட்டுப்படுத்துறாங்க. அதனால ஒரு நாட்டு அனுபவத்தை வெச்சு இன்னொரு நாட்டுக்காரருக்குப் புத்தி சொல்லும்போது ஜாக்கிரதையா இருக்கணும்.

ஒண்ணு மட்டும் எங்கேயும் ஒண்ணுதான். கையெழுத்தை வாடகைக்கு விடுறது. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கான்ட்ராக்டர் என்கிட்ட வந்தார். வரைபடம் எல்லாம் ரெடியா இருக்கு, தாளுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, சைட்டுக்கே வர வேண்டாம்னார். அந்த மாசம் வாடகை கொடுக்கக் காசில்ல எனக்கு. இருந்தும் முடியாதுன்னு அனுப்பினேன். அவர் வேற ஆளைப் பிடிச்சிருப்பார். இன்னிக்கும் அந்தத் தெரு வழியாப் போனா அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்காமப் போக முடியல.

ரசமட்டம் | பிப்ரவரி 11, காலை 9:10

சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன். இங்க ப்ரொஃபஷனல் எஞ்சினியர்னு பதிவு இருந்தா மட்டும் போதாது. தொழில் பண்ண வருஷாவருஷம் ப்ராக்டிசிங் சர்டிஃபிகேட் எடுக்கணும்.

மூலைமட்டம் சார் சொன்னதைப் படிச்சதும் 1986 மார்ச் 15 ஞாபகம் வந்துச்சு. ஹோட்டல் நியூ வேர்ல்டு. ஆறு மாடி, 1971-ல கட்டினது, ஒரு நிமிஷத்துக்குள்ள தரைமட்டம் ஆச்சு. 33 பேர் இறந்தாங்க. மொட்டை மாடியில வெச்ச கூலிங் டவர், கீழ இருந்த பேங்க் பெட்டகம்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. விசாரணையில தெரிஞ்சது வேற. கட்டமைப்புக் கணக்குல கட்டடத்தோட சொந்த எடையையே சேர்க்கல. உள்ள வர்ற ஆள், சாமான் எடையை மட்டும் கணக்கு பண்ணியிருக்காங்க. கான்கிரீட்டோட எடையை விட்டுட்டாங்க. டிசைன் பண்ணினது தகுதி பெற்ற எஞ்சினியர் இல்ல, வரைபடம் மட்டும் வரையுற ஒரு டிராஃப்ட்ஸ்மேன்.

பதினஞ்சு வருஷம் நின்னுச்சு பாருங்க, அதுதான் என்னை உறுத்துது. ஒவ்வொரு நாளும் அதுக்குள்ள ஆள் போய் வந்துக்கிட்டு இருந்திருக்காங்க. அதுக்குப் பிறகுதான் இங்க, ஒருத்தர் போட்ட டிசைனைச் சம்பந்தமில்லாத இன்னொரு எஞ்சினியர் தனியாகச் சரிபார்க்கணும்னு 1989 சட்டத்துல கொண்டு வந்தாங்க.

வரைபலகை | பிப்ரவரி 11, மதியம் 12:15

தூக்குக்குண்டு அண்ணா, நேத்து நீங்க கேட்ட கேள்விக்கு நான் பதில் போடல. வேணும்னுதான் போடல. ராத்திரி தூக்கம் வரல. ஹோட்டல் நியூ வேர்ல்டு பற்றிப் படிச்சதுக்குப் பிறகு சொல்லாம இருக்க முடியல.

தாங்குசுவரும் பீமும் முழுக்க நான் போட்டது. மாடிப்படியோட மெயின் டிசைனும் என்னுது. ஆனா இணைப்பு விவரத்தை, அதாவது லேண்டிங் பீம் தூணோட சேர்ற பிளேட்டை, இரும்பை வெட்டிச் செஞ்சு கொடுக்குற ஃபேப்ரிகேட்டர் மாத்தி வரைஞ்சு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பினாங்க. திங்கட்கிழமை காலையில சீல் வெச்சுக் கொடுத்தாத்தான் கட்டிங் போக முடியும்னாங்க. நான் மூணு தாளையும் புரட்டிப் பார்த்தேன். போல்ட் எண்ணிக்கை என்னோட வரைபடத்துல இருக்கிற மாதிரியே மூணுதான் இருந்துச்சு. சீல் வெச்சுட்டேன். கணக்கைத் திரும்பப் போடல.

லைசென்ஸ் உயிரோட இருந்திருந்தாலும் நான் இதைத்தான் செஞ்சிருப்பேன்.

தூக்குக்குண்டு | பிப்ரவரி 11, மதியம் 12:50

சொன்னதுக்கு நன்றிம்மா. இப்ப நான் சொல்றதை உடனே செய்யுங்க. வாரியத்துக் கடிதம் ரெண்டு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்ல.

ஃபேப்ரிகேட்டருக்கு ஃபோன் பண்ணி அந்த வேலையை நிறுத்தச் சொல்லுங்க. ஃபோனோட விடாம மெயிலும் அனுப்புங்க. உங்க முதலாளியையும், ஆபீஸ்ல லைசென்ஸ் இருக்கிற இன்னொரு எஞ்சினியரையும் உக்கார வெச்சு அந்த இணைப்பை முதல்ல இருந்து கணக்குப் போடுங்க. போல்ட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. போல்ட் வரிசை தூண்ல இருந்து எவ்வளவு தூரம்னு பாருங்க.

1981 ஜூலை 17, கான்சஸ் சிட்டி ஹயாட் ரீஜன்சி நடைபாலம். 114 பேர் இறந்தாங்க, 200-க்கு மேல காயம். நாலாவது மாடி நடைபாலமும் ரெண்டாவது மாடி நடைபாலமும் கூரையில இருந்து வர்ற ஒரே நீளக் கம்பியில தொங்கணும்னுதான் முதல் டிசைன். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போட்டு ஏத்துறது கஷ்டம்னு, கம்பியை ரெண்டாப் பிரிச்சாங்க. கீழ்ப்பாலத்தை மேல்பாலத்துல இருந்து தொங்க விட்டாங்க. வரைபடத்துல பார்த்தா சின்ன மாற்றம். ஆனா நாலாவது மாடி பீமைத் தாங்குற நட்டு, தன் பாலத்தோட கீழ்ப்பாலத்தையும் சேர்த்துச் சுமக்க ஆரம்பிச்சது. சுமை ரெண்டு மடங்கு. முதல் டிசைனே அந்த ஊர் விதி கேட்ட பலத்துல 60 சதவீதம்தான் இருந்துச்சுன்னு பிறகு சோதனையில தெரிஞ்சது.

அந்த ஷாப் டிராயிங்கில், அதாவது ஃபேப்ரிகேட்டர் போட்ட வரைபடத்தில், எஞ்சினியரோட சீல் இருந்துச்சு. பொறுப்புல இருந்த ரெண்டு எஞ்சினியர்களோட மிசௌரி லைசென்ஸ் பறிபோச்சு. அவங்க லைசென்ஸ் காலாவதி ஆகல தங்கச்சி, தேதிப்படி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

வரைபலகை | பிப்ரவரி 11, மதியம் 1:02

ஃபோன் பண்ணிட்டேன். பிளேட் வெட்டியாச்சாம், இன்னும் பற்றவைக்கல. நிறுத்தச் சொல்லிட்டேன். மெயிலும் போட்டாச்சு.

எல்லைக்கல் | பிப்ரவரி 11, மதியம் 1:30

நல்லது தங்கச்சி. சாப்பிட்டுப் போட்டுக் கணக்கைத் தொடங்குங்கோ. பசியோடை கணக்குப் போட்டால் பிழை வரும்.

வரைபலகை | பிப்ரவரி 13, இரவு 10:40

எல்லாரும் காத்திருப்பீங்கன்னு தெரியும்.

என் டிசைன்ல தூண்ல இருந்து போல்ட் வரிசைக்கு 3 அங்குலம். ஃபேப்ரிகேட்டர் வரைஞ்சதுல 7 அங்குலம். பீமோட நுனியை வெட்டாம நேரா ஏத்தலாம்னு பிளேட்டை நீட்டியிருக்காங்க. அவங்க பக்கம் அது நியாயமான காரணம்தான். ஆனா இந்த மாதிரி ஒற்றைப் பிளேட் இணைப்புக்கு 3½ அங்குலம் வரைக்கும்தான் வழக்கமான எளிய முறை செல்லும். அதைத் தாண்டினா விலகலால வர்ற திருப்பு விசையைத் தனியாக் கணக்குல எடுக்கணும். சுமை அதேதான், தூண்ல இருந்து போல்ட்டுக்கு இருக்கிற தூரம் ரெண்டு மடங்குக்கு மேல. கணக்குப் போட்டுப் பார்த்தா மூணு போல்ட் போதல, பிளேட்டோட தடிமனும் போதல.

விழுந்திருக்குமான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். விதி கேட்கிற அளவு பலம் இல்லைங்கிறது மட்டும் நிச்சயம். அது ஒரு கடைக்குள்ள ஜனங்க ஏறி இறங்குற படி.

ஆபீஸ்ல இருக்கிற மூத்த எஞ்சினியர் என் தாள்ல வெறுமனே கையெழுத்து வைக்க மாட்டேன்னுட்டார். மூணு வரைபடத்தையும் எடுத்துக்கிட்டு, ரெண்டு நாள் தன் கையால முழுக்கக் கணக்குப் போட்டார். தாங்குசுவரும் பீமும் சரி. படிக்கட்டு இணைப்புக்கு அஞ்சு போல்ட், தடிமனான பிளேட். புது வரைபடத்துல அவர் பேர்ல சீல். வெட்டின பழைய பிளேட்டை எல்லாம் பழைய இரும்புல போட்டுட்டாங்க.

வாரியத்துக்கு நேத்து எழுதி அனுப்பினேன். காலாவதியானதையும் எழுதினேன், கணக்குப் போடாம சீல் வெச்சதையும் எழுதினேன். ரெண்டாவதை எழுத வேண்டாம், அவங்க கேக்கவே இல்லையேன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எழுதிட்டேன்.

செங்கோணம் | பிப்ரவரி 13, இரவு 11:15

அக்கா, நான் முதல்ல எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பார்த்தேன். மணி நேரக் கணக்கு பற்றி நான் சொன்னதை இப்பவும் மாத்திக்கல. வீடியோ பார்த்து டிக் அடிக்கிறது யாரையும் எஞ்சினியர் ஆக்காது, அந்த 3½ அங்குலத்தை எந்த வீடியோவும் உங்களுக்கு அன்னிக்கு ஞாபகப்படுத்தியிருக்காது. ஆனா அந்த மூத்தவர் சும்மா கையெழுத்து வைக்க மாட்டேன்னாரே, அதை நான் இங்க எதிர்பார்க்கல. அடுத்த மாசம் பி.ஈ. தேர்வுக்கு விண்ணப்பம் போடுறேன். இத்தனை நாள் வேண்டாம்னுதான் இருந்தேன்.

ரசமட்டம் | பிப்ரவரி 14, காலை 8:05

டிஜிட்டல் சீல் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கேன் பண்ணின சீல் படத்தை வரைபடத்துல ஒட்டுறதை டிஜிட்டல் கையெழுத்துன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது வெறும் படம். யார் வேணும்னாலும் எடுத்து எங்க வேணும்னாலும் ஒட்டலாம். சரியான டிஜிட்டல் கையெழுத்துன்னா, அதுக்குப் பிறகு ஒரு கோடு மாறினாலும் கையெழுத்து செல்லாதுன்னு காட்டணும். அந்தப் படத்தை ஆபீஸ் பொது ஃபோல்டர்ல போட்டு வெச்சிருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க.

வரைபலகை | மே 9, மாலை 5:30

மூணு மாசம் கழிச்சு வர்றேன். மார்ச் முதல் வாரத்துல லைசென்ஸ் திரும்பக் கிடைச்சுது. பழைய ஆபீஸ்ல கேட்டு அந்த ரெண்டு சான்றிதழையும் வாங்கிட்டேன். தணிக்கை வந்தா காட்டுறதுக்குத் தேதி, தலைப்பு, நடத்தினவர், எத்தனை மணி நேரம்னு ஒரு பட்டியல் போட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரை நம்பாம வீட்டுலயும் ஒரு பிரதி வெச்சிருக்கேன். வாரியத்துல என் சொந்த மெயில் முகவரியைக் கொடுத்தாச்சு.

போன வாரம் முடிவு வந்துச்சு. அபராதம், எழுத்துப்பூர்வமான கண்டிப்பு, தொழில் நெறி பற்றி ஒரு கூடுதல் வகுப்பு. கண்டிப்பு வாரியத் தளத்துல என் பேர்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கும். இனிமே வேற எந்த மாநிலத்துல லைசென்ஸ் கேட்டாலும் "ஒழுங்கு நடவடிக்கை உண்டா"ங்கிற இடத்துல ஆம்னு போடணும். அதைப் படிச்ச அன்னிக்கு அழுதேன். நான் தானா முன்வந்து சொன்னதையும், பிளேட்டை நிறுத்தினதையும் கணக்குல எடுத்துக்கிட்டதா அந்தக் கடிதத்துலயே எழுதியிருந்தாங்க.

அந்தக் கடைக்குப் போயிட்டு வந்தேன். படி போட்டாச்சு. அஞ்சு போல்ட்டையும் எண்ணினேன்.

தூக்குக்குண்டு | மே 9, மாலை 6:10

போல்ட் வரிசை தூண்ல இருந்து எவ்வளவு தூரம்னு அளந்தீங்களா?

வரைபலகை | மே 9, மாலை 6:14

டேப் எடுத்துட்டுத்தான் போனேன் அண்ணா. ஏழு அங்குலம். புது வரைபடத்துல இருக்கிறபடியே.